இரண்டு ஊற்றுக்கண்கள்

என் மூத்திரப்பையை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இருக்கும் படத்தைச் சொல்லவில்லை. என்னுடையதையே, உள்ளேயிருந்து, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்த்தேன். இதைச் சொன்னால் எங்கள் பஸ் முனையத்துக் கேன்டீனில் டிரைவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். "சாப்பிடற நேரத்துல என்ன பேச்சுக்கா இது?" என்கிறார்கள். வேறு எப்போது பேசுவதாம்? எங்களுக்கு வாயைத் திறக்கக் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

நான் பஸ் ஓட்டுகிறவள். வீடு மார்சிலிங். வண்டி உட்லண்ட்ஸில் கிளம்பி டவுனுக்குப் போய்த் திரும்பும். எங்களை இங்கே பஸ் கேப்டன் என்று மரியாதையாகச் சொல்வார்கள். கேப்டனாவது கீப்டனாவது, நடுவழியில் ஒண்ணுக்கு வந்தால் கேப்டனும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புக்கிட் தீமாவில் மழைநாளில் மாட்டிக்கொண்டால் வண்டி நகராது. பின்னால் எழுபது பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்கே போக? அதனால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் என் கணவர் நிரப்பிக் கொடுக்கும் போத்தல் சாயங்காலம் அப்படியே நிரம்பி வீட்டுக்கு வரும். அதையும் மீறி முட்டிக்கொண்டு வரும்போது என் மூத்திரப்பையோடு நான் பேசுவேன். "கொஞ்சம் பொறு சனியனே, இன்னும் நாலே ஸ்டாப்தான்" என்பேன். அதுவும் பொறுக்கும். எத்தனையோ வருடம் அப்படிப் பொறுத்தது.

முதல் தடவை அதற்கு நோய் வந்தபோது எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. மாதவிலக்கு நிற்கப்போகிற வயது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. அந்தச் சமயத்தில் டாய்லெட்டில் சிவப்பாகப் பார்த்தேன். வேறென்ன நினைப்பேன்? எங்கள் வீட்டில் அந்த நாள்களில் நான் விளக்கேற்றுவதில்லை, சாமி அறைப் பக்கம் போவதில்லை. "வீட்டுக்குத் தூரம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கணவர் குளித்துவிட்டு விளக்கேற்றிவிடுவார். மேற்கொண்டு கேட்கவும் மாட்டார், நான் சொல்லவும் மாட்டேன். ரத்தம் ஒருநாள் வரும், மறுநாள் மாயமாகிவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் நான் தூரமாக இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் விளக்கேற்றினார். இப்படியே மாதக்கணக்கில் ஓடிவிட்டது. ரத்தம் எந்த வழியாக வருகிறது என்று ஒருநாள்கூட நான் குனிந்து பார்க்கவில்லை. அதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது, அதற்கு ஏது?

கட்டி கட்டியாக வர ஆரம்பித்த பிறகுதான் பக்கத்து அரசாங்கப் பாலிகிளினிக் போனேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி. ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து வரவில்லை, மூத்திரப்பையிலிருந்து வருகிறது என்றார்கள். புற்றுநோய் என்றார்கள். உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்க, நான் பாட்டுக்குத் தீட்டுக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

வயிற்றைக் கிழிக்காமலே, ஒண்ணுக்குப் போகும் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு வாரம் ஒருதடவை உள்ளே ஒரு மருந்தை விட்டார்கள். அது என்ன மருந்து தெரியுமா? சின்னப் பிள்ளையில் எல்லோருக்கும் தோளில் போடுவார்களே காசநோய்த் தடுப்பூசி, அதே கிருமிதான். அதைப் பைக்குள் விட்டால் உடம்பு விழித்துக்கொண்டு சண்டைக்கு வருமாம், வந்த வேகத்தில் புற்றையும் சேர்த்து அடிக்குமாம். என் தோளில் இருக்கும் அந்தப் பழைய வட்டத் தழும்பைத் தடவிப் பார்த்தேன். அடேயப்பா, மனுஷன் எப்படியெல்லாம் யோசித்திருக்கிறான்! மருந்தை விட்டதும் நர்ஸ், "ரெண்டு மணி நேரம் அடக்கணும்க்கா, முடியுமா?" என்று கவலையாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார்கிட்ட கேக்குற? இதான்லா என் வேலையே" என்றேன்.

நோய் போய்விட்டது. ஆனால் டாக்டர் அன்றைக்கே ஒன்றைச் சொல்லி வைத்தார். இது திரும்பி வரக்கூடிய ஜாதி. திரும்பி வந்தால் பையையே எடுத்துவிட வேண்டியிருக்கலாம். பிறகு வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பையை ஒட்டிக்கொண்டு நடமாட வேண்டும். பலர் அப்படி நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார். இருக்கட்டும், அவர்கள் நன்றாக இருக்கட்டும். எனக்கு மட்டும் அந்தப் பையோடு ஸ்டியரிங் பின்னால் உட்காருவதை நினைக்கவே முடியவில்லை. வண்டி இல்லாமல் நான் என்ன செய்வேன்? அன்றிலிருந்து என் பயம் இந்த ஒன்றுதான். அன்றே முருகனிடம் வேண்டிக்கொண்டேன். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், என் பையை எனக்கு விட்டுவிடு என்று. முருகனிடம் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா, தெரியாது. நான் கேட்டேன்.

வருடங்கள் நல்லபடியாகப் போயின. இந்த வருடம் தைப்பூச விரதம் தொடங்கி, கழுத்தில் மாலை போட்டிருந்த நேரம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து டாய்லெட் போனேன். வெள்ளைப் பீங்கானில் சிவப்பு. போகும்போது வலி இல்லை, எரிச்சல் இல்லை. வலித்தாலாவது வேறு ஏதோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். போன தடவையும் வலிக்கவில்லை. தண்ணீரை இழுத்துவிட்டேன். போன பிறகும் இன்னொரு தடவை இழுத்துவிட்டேன்.

ஹாலில் கணவர் கீழே உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்.

"இந்த வருஷம் நான் பால்குடம் எடுக்கல" என்றேன்.

"ஏன்?"

எப்படிச் சொல்வது? புற்றுநோய் என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் வாயில் வராது. நாங்கள் 'அது' என்றுதான் சொல்வோம். எனக்கு அந்த 'அது'கூட வரவில்லை. வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

"வீட்டுக்குத் தூரம்."

அறுபது வயதுக்காரி சொல்கிற பேச்சா இது? எனக்கே கேட்க அசட்டுத்தனமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. போன தடவை மாதக்கணக்கில் அவர் காதில் விழுந்த வார்த்தை அல்லவா? எழுந்து போய் என் கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி நம்பரைத் தேடி எடுத்து, அவரே போன் போட்டார். ஆங்கிலத்தில் போன் பேசுவது என்றால் அவருக்கு வேப்பங்காய். பேங்கிலிருந்து அழைத்தாலும் என்னிடம் நீட்டிவிடுகிற ஆள். அன்றைக்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "மை வைஃப். பிளட். பிஃபோர் கேன்சர். கேனாட் வெயிட்லா" என்று சத்தமாகச் சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனுக்குள் இவ்வளவு இருக்கிறதா!

அந்த வாரமே கேமரா விட்டுப் பார்க்க வரச்சொன்னார்கள். இது எனக்குப் புதிதில்லை. மெல்லிய குழாய், நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். மரத்துப்போக ஜெல் தடவி உள்ளே விடுவார்கள். தண்ணீரை விட்டுப் பையை விரித்துப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே டிவி மாதிரி ஒரு திரை. நான் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. படுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மனத்துக்குள் என் பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்துவிடுவேன். மார்சிலிங், கிராஞ்சி, புக்கிட் பாஞ்சாங் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக நிறுத்தி, கதவைத் திறந்து, ஆள் ஏற்றி, மூடிப் போய்க்கொண்டேயிருப்பேன். லிட்டில் இந்தியா வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

டாக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் மகள் வயது இருக்கும். கை ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருக்க, வாய் ஓயாமல் பேசிக்கொண்டேயிருக்கும். அன்றைக்கும் "ரிலாக்ஸ் பண்ணுங்க ஆன்ட்டி, கொஞ்சம் கூலா இருக்கும்" என்று ஆரம்பித்தார். விரதத்தில் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் புக்கிட் தீமாவைத் தாண்டி நியூட்டனில் வண்டியை நிறுத்தியபோது அவர் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு வண்டி அதற்குமேல் நகரவில்லை.

"டாக்டர்?"

"ஒன் மினிட், ஆன்ட்டி."

அந்தக் குரலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க முடியவில்லை. எது வந்தாலும் வரட்டும் என்று திறந்து திரையைப் பார்த்தேன்.

என்ன சொல்ல! நான் என்னவோ அழுக்கும் நாற்றமுமாக ஒரு சாக்கடையை எதிர்பார்த்திருந்தேன். அத்தனை வருடம் சனியன் என்று கூப்பிட்டதைப் பற்றி வேறென்ன நினைப்பேன்? அங்கே இருந்தது அவ்வளவு சுத்தமான ஓர் அறை. வெளிறிய ரோஜா நிறம். ஈரத்தில் பளபளவென்று மின்னியது. சுவர் முழுக்க மெல்லிய சிவப்பு நரம்புகள், புடவைக் கரையில் இழையோடுகிற மாதிரி ஓடின. எங்கோ தூரத்துக் கோயில் கருவறைக்குள் தெரியாத்தனமாக நுழைந்துவிட்டவள்போல் எனக்கு மூச்சு நின்றுபோனது.

"இது யாரோடது?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்களோடதுதான் ஆன்ட்டி. இதோ பாருங்க, இங்கதான் முன்னாடி சுரண்டினோம்."

ஓரத்தில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு தழும்பு. அந்த இடத்தில்தான் அது உட்கார்ந்திருந்ததாம். இப்போது நன்றாக ஆறியிருந்தது. யார் வந்து ஆற்றினார்கள்? நான் பாட்டுக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், தண்ணீர்கூட ஊற்றவில்லை.

"பை ஃபுல்லா பாத்துட்டேன். கிளீன். புதுசா ஒண்ணுமே இல்ல."

"அப்ப ரத்தம்?"

"அதத்தான் தேடுறேன். அசையாம படுத்திருங்க. இந்த எடத்தையே பாருங்க."

பையின் அடிப்பக்கம், வலது ஓரத்தில், ஒரு சின்னக் கீறல் மாதிரி ஏதோ மூடிக்கிடந்தது. நானும் உற்றுப் பார்த்தேன். திடீரென்று அது லேசாக எழும்பித் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பீய்ச்சல் வந்தது. கண்ணாடிபோல் தெளிவான நீர் தண்ணீருக்குள்ளேயே சுழன்று கலந்தது. கீறல் மறுபடி மூடிக்கொண்டது. நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தது, பீய்ச்சியது, மூடியது.

"கிட்னியிலேர்ந்து வருது ஆன்ட்டி. ரெண்டு கிட்னிக்கும் ரெண்டு வாசல். இது ரைட்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே. தூங்கறப்பகூட."

நான் தூங்கும்போது. நான் வண்டியில் உட்கார்ந்து திட்டும்போது. பிள்ளை பெற்ற அன்றைக்கு, அம்மா செத்த அன்றைக்கு, போன தடவை நோய் வந்து இதே மேசையில் கண்ணை மூடிக் கிடந்தபோது. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், இந்தச் சின்ன வாசல் திறந்து திறந்து மூடியிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எதற்காகப் படுத்திருக்கிறேன் என்பதையே சற்று நேரம் மறந்துபோனேன். கும்பிடலாம் என்று கையை எடுத்தால், கை என்மேல் போர்த்தியிருந்த பச்சைத் துணிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப லெஃப்ட்" என்று டாக்டர் குழாயை மெல்லத் திருப்பினார்.

இடது வாசலும் அதே மாதிரி மூடியிருந்தது. காத்திருந்தோம். திறந்தது. வந்த பீய்ச்சல் தெளிவாக இல்லை. ஊதுவத்திப் புகைபோல் ஒரு சிவப்பு நூல் சுருண்டு சுருண்டு வெளியே வந்தது.

"கிடைச்சிருச்சு" என்றார் டாக்டர் மெதுவாக. "பிளட் பையிலேர்ந்து வரல. மேலேர்ந்து வருது. லெஃப்ட் கிட்னி, இல்லன்னா அந்தக் குழாய்."

"அங்கயும் அது வருமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வரலாம் ஆன்ட்டி. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். வேற சாதாரண காரணமும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்."

மறந்துபோயிருந்த பயம் முழுசாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஆனாலும் அவர் குழாயை எடுக்கப் போனபோது, "ஒரே ஒரு தடவை அந்த வலது பக்கத்தக் காட்டுங்க டாக்டர்" என்று கேட்டேன். காட்டினார். அது தன் பாட்டுக்குத் திறந்தது, பீய்ச்சியது, மூடியது.

வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேன் என்றதும் அவர் முகம் கறுத்துவிட்டது. வீட்டுக்கு வரும் எம்ஆர்டி ரயிலில் அந்த இரண்டு வாசலைப் பற்றிச் சொன்னேன். கையை மடக்கி விரித்துக் காட்டிச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அறுபது வருஷமா ஒருநாள் லீவு இல்லாமயா?" என்றார் கணவர்.

"ஒருநாள் இல்ல."

"நீயும் அதுகிட்ட ஒருநாள் நல்ல வார்த்தை சொல்லிருக்க மாட்ட."

ஸ்கேன் எடுத்தோம். முடிவு வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, விரதம் என்று சொல்லிச் சமாளித்தேன். பால்குடம் பற்றி நான் மறுபடி பேச்செடுத்தேன். ரத்தத்தோடு எப்படிக் கோயிலுக்குள் போவது, நீங்களே என் பெயரில் எடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்படாத ஆள் கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

"தீட்டு, தீட்டுன்னு சொன்னப்ப எல்லாம் நான் வாய மூடிக்கிட்டு வெளக்கு ஏத்துனேன். ஏத்தி ஏத்தியே ஒன்னத் தொலைக்கப் பாத்தேன். இது நோய். தீட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நீதான் எடுக்கற."

தைப்பூசத்துக்கு முதல் நாள் தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டிருந்தோம். கூட்டம் நெரிந்தது. மல்லிகையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காசு எடுக்கும்போது போன் அடித்தது. டாக்டரே பேசினார். கூச்சலில் சரியாகக் கேட்கவில்லை, ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஆன்ட்டி, கல்லு. லெஃப்ட் கிட்னியில சின்னக் கல்லு, அவ்ளோதான். யூரின் டெஸ்ட்லயும் கேன்சர் செல் இல்ல."

"கல்லா?"

"கல்லுதான். நீங்க தண்ணியே குடிக்கறதில்லயா?"

"பஸ் ஓட்டறேனே டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "இனிமே நெறைய குடிக்கணும். வந்தா உடனே போயிடணும், அடக்கவே கூடாது. கல்லு தண்ணியிலயே எறங்கிடுதான்னு பாப்போம். செக்கப்ப மட்டும் விட்டுராதீங்க."

எத்தனையோ வருடமாகக் குடிக்காத தண்ணீரெல்லாம் சேர்ந்து எனக்குள் ஒரு கல்லாக நின்றிருக்கிறது. இடுப்பில் கொஞ்ச நாளாக இருந்த மெல்லிய வலியை டிரைவர் சீட்டின் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லுதானாம்" என்றேன். கையில் இருந்த மல்லிகைப் பொட்டலத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த நெரிசலின் நடுவே தோள் குலுங்க அழுதார். பூக்கார அம்மா பதறிப்போய் ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினாள். அதை வாங்கி அவர் என்னிடம் நீட்டினார். "குடி" என்றார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

மறுநாள் காலை சிராங்கூன் ரோட்டில் பால்குடத்தோடு நடந்தேன். பக்கத்தில் கணவர். டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கண்ணில் படுகிற தண்ணீர்ப்பந்தலில் எல்லாம் மோரும் தண்ணீரும் வாங்கி என் வாயில் ஊற்றிக்கொண்டே வந்தார். ஊற்றினால் சும்மா இருக்குமா? கோயில் இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் "கொஞ்சம் பொறு" என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அந்த ரோஜா நிற அறையும் திறந்து மூடும் வாசலும் கண்ணுக்குள் நின்றன. நேரில் பார்த்த பிறகு எப்படித் திட்டுவது?

"என்னங்க, எனக்கு ஒண்ணுக்கு வருது."

குடத்தைத் தரையில் வைக்கக்கூடாது. கொண்டுபோகவும் முடியாது. அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் என் தலையிலிருந்து குடத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். ரோட்டோரம் வைத்திருந்த தற்காலிகக் கழிவறையைக் கண்ணாலேயே காட்டினார். "போய்ட்டு வா" என்றார். மஞ்சள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன்.

தகரக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே வரிசை தேங்குவது கேட்டது. தொண்டூழியர் ஒருவர், "நடங்க ஐயா, நடங்க, பின்னால ஆள் நிக்குது" என்று விரட்டினார். உடனே இன்னொரு குரல் கேட்டது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத, போன் என்றால் பயப்படுகிற அந்தக் குரல், உறுமிமேளச் சத்தத்தையும் மீறிக் கணீரென்று கேட்டது.

"என் பொண்டாட்டி ஒண்ணுக்குப் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் இந்தக் குடம் நகராது."

உள்ளே நான் அவசரப்படவில்லை.